சீன் காயுது

ஒரு மொழி நிமிர்ந்து நிற்பதும் குப்புற விழுவதும், அதற்கென்றே பிறவி எடுத்த ஒரு சில பெருமக்களின் தோளில்தான் இருக்கிறது. அத்தகைய பெருமகன் ஒருவர் அன்று காலை கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, தம் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

“தண்ணி டம்ளர்லயேதாங்க இருக்கு,” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. “காலங்காத்தால சீன் போடாதீங்க.”

பெருமகன் தலையை வெளியே எடுத்தார். பல்லை எடுப்பதற்கு முன் பேனாவை எடுத்தார். மருந்துக்கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில், ‘சீன் போடுதல்: அலட்டல், இல்லாததை இருப்பதாகக் காட்டல்’ என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

அவரை எல்லோரும் சொற்கடல் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடாதவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை என்பதால் பழக்கம் சீக்கிரம் பரவிவிட்டது. பட்டம் கொடுத்தது நற்சொல் மன்றம். கொடுத்த வருடம் மன்றத்தின் செயலாளர் அவரே. பாராட்டுப் பத்திரத்தை எழுதியவரும் அவரே. ‘அன்னாரின் அடக்கம் அனைவரும் அறிந்தது’ என்ற வரி அதில் இரண்டு இடத்தில் வரும். கண்ணாடி போட்டு மாட்டியது மட்டும் வேறு ஆள்.

அதற்கு முன்னால் முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அங்கே ஒரு பென்சில்கூட அவர் கையெழுத்து இல்லாமல் அலமாரியை விட்டு நகராது. வேலை ஓய்ந்தது, கை ஓயவில்லை. கூரியர்க்காரன் நீட்டும் தாளோ, பக்கத்து வீட்டுச் சிறுமி கிறுக்கிய படமோ, காகிதம் என்று ஒன்று கையில் அகப்பட்டால் போதும், அடியில் ‘சொற்கடல்’ என்று வளைத்துப் போட்டு, கீழே இரண்டு புள்ளி வைப்பார். மனைவி எழுதும் மளிகைச் சீட்டுகூட ஒப்புதல் பெற்றுத்தான் கடைக்குப் போகும்.

இப்போது அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மன்றத் தலைவரின் நாற்காலி.

மன்றம் கூடுவது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில். உறுப்பினர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. தலைவருக்கு மட்டும் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. முதுகுக்கு மெத்தை உண்டு. இடது பக்கம் திரும்பினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கூட்டம் பேச்சை நிறுத்தும். அதில் பத்து வருடம் உட்கார்ந்திருந்த பெரியவர் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். காலியாகும் இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சொற்கடல். மற்றவர் பல் டாக்டர்.

சொற்கடலின் பல்செட்டைச் செய்து கொடுத்தவரும் அதே டாக்டர்தான். தம் மேல்தாடை முழுவதும் எதிரியின் கைவேலை என்பது சொற்கடலுக்குத் தீராத உறுத்தல். ‘ழ’ சொல்லும்போது லேசாக விசில் வருவது தற்செயல் அல்ல, திட்டமிட்ட சதி என்று அவர் மனைவியிடம் பலமுறை நிரூபித்திருக்கிறார்.

தலைவர் ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் ஒரே பொருளில் பேச வேண்டும். மக்கள் வாயில் அன்றாடம் புரளும் ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நம் பேச்சுக்குள் வந்து என்னென்ன வேஷம் கட்டியிருக்கிறது என்று விளக்க வேண்டும். முடிந்ததும் ரகசிய ஓட்டு. சீட்டில் வேட்பாளர் பெயரைத் தவிர வேறு எந்தக் குறியும் இருக்கக் கூடாது; இருந்தால் செல்லாது. ஓட்டு சமமாக வந்தால் வயதில் மூத்தவர் தலைவர். இந்த விதிகளெல்லாம் சொற்கடல் செயலாளராக இருந்தபோது எழுதியவை. மூத்தவரும் அவர்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மன்றம் தேர்ந்தெடுத்த சொல், சீன்.

இதைக் கேட்டதும் சொற்கடலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை மொழியை விட்டே துரத்த வேண்டும் என்று போன வருடம்தான் அவர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். ஆனால் நாற்காலி என்று வந்துவிட்டால் கொள்கையும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

ஆராய்ச்சிக்காக அவர் எங்கேயும் அலையவில்லை. அந்த ஒரு வாரத்திலேயே மனைவி அவர் தலையில் ஆறு அர்த்தங்களை இறக்கிவிட்டாள். “குப்பைப் பையை வெளிய வைக்கிறேன்னீங்களே, என்ன சீன்?” என்றால் நிலவரம். “நீங்களாவது வைக்கிறதாவது, சீனே இல்ல,” என்றால் வாய்ப்பே கிடையாது. “எங்கம்மா முன்னாடி சீன் பண்ணாதீங்க,” என்றால் ரகளை. “வீடு மாத்துன அன்னிக்கு நீங்க சீன்லயே இல்ல,” என்றால் ஆள் கண்ணில் படவில்லை. “டாக்டர் மன்றத்துக்கு வந்தாரு, உங்க சீன் முடிஞ்சுது,” என்றால் செல்வாக்கு. போடாதீங்க என்று காலையில் சொன்னதையும் சேர்த்து ஆறு. ஒவ்வொன்றையும் அவள் வாயிலிருந்து விழுந்த சூட்டோடு எழுதிக்கொண்டார். தன்னைத் திட்டுகிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தரவு கிடைக்கிறது என்று மட்டும் உறைத்தது.

ஆறு போதும் என்றுதான் நினைத்திருந்தார், கண்ணாடிக் கடைக்காரர் வாயைத் திறக்கும்வரை. அவர்தான் மன்றத்துக்குப் பொருளாளர்.

“டாக்டர் ஒன்பது வெச்சிருக்காராம் சார்.”

“ஒன்பதா? அவர்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்துக்கிட்டுதானே உட்கார்றாங்க, எங்கேருந்து பேசுறாங்க?”

“மரத்துப்போறதுக்கு முன்னாடி பேசிடுவாங்களா இருக்கும்.”

அன்று சொற்கடலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியின் தம்பிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் அவர் சூப்பர்வைசர்.

“நம்ம இடத்துக்கு வாங்க மாமா. அங்க நிமிஷத்துக்கு ஒரு சீன் ஓடும். மூட்டை கட்டி எடுத்துட்டு வரலாம்.”

“கண்டவங்க பேசுறதெல்லாம் நான் போய்க் கேக்கணுமா மச்சான்?”

“அப்ப வேண்டாம். ஆறு நல்ல நம்பர்தான்.”

மறுநாள் காலையில் சொற்கடல் லாண்டரி வாசலில் நின்றார். காவலாளி நீட்டிய வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டார். தமக்கு முன்னால் வந்துபோன சோப்புத்தூள்காரருக்கும் சேர்த்துப் போட்டார்.

உள்ளே இயந்திரங்களின் இரைச்சலில் காது அடைத்தது. ஒரு பக்கம் துவைப்பு. ஒரு பக்கம் ஆள் உயர டிரையர்கள், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் துணி விழுந்து புரண்டுகொண்டிருந்தது. நடுவில் மடிப்பு. விரிப்பின் இந்த முனையை மடிப்பக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண் பிடிக்க, அந்த முனையை நெட்டை என்று பெயர் வாங்கிய ஓர் இளைஞன் பிடிப்பான். இருவரும் உதறுவார்கள், எதிரெதிரே நடந்து வருவார்கள், நுனியோடு நுனி சேரும், மறுபடி விலகுவார்கள். தள்ளி நிற்கும்போது இரைச்சலில் எதுவும் கேட்காது. அதனால் அங்கே பேச்சும் மடிப்பும் சேர்ந்தேதான் நடக்கும். முனைகள் சேரும் நேரத்தில் ஒரு வாக்கியம். அடுத்தது அடுத்த மடிப்பில். ஒரு குடும்பச் சண்டையைச் சொல்லி முடிக்க ஏழெட்டு விரிப்பு ஆகும்.

மச்சான் ஒரே ஒரு தப்புச் செய்திருந்தார். வரப்போகிறவர் பெரிய அறிஞர், பார்த்துப் பேசுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர்களும் பார்த்துப் பேசினார்கள்.

“வணக்கம் ஐயா. தாங்கள் அமர இருக்கை கொண்டு வரட்டுமா?” என்றான் நெட்டை.

“அதெல்லாம் வேணாம்ப்பா. நீங்க சாதாரணமா பேசுங்க.”

“அப்படியே ஆகட்டும் ஐயா. நாங்கள் எப்போதுமே சாதாரணமாகத்தான் உரையாடுவோம்,” என்றாள் மடிப்பக்கா.

சொற்கடல் ஒரு மணி நேரம் நின்றார். ‘சீன்’ வரவில்லை. ஈரத் தரையில் ஒரு விரிப்பு நழுவி விழுந்தது. வேறு நாளாக இருந்தால் நெட்டையின் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பது அந்தக் கூடத்துக்கே தெரியும். அவன் விருந்தாளியை ஒரு பார்வை பார்த்தான்.

“அந்தோ, விரிப்பு வீழ்ந்துவிட்டதே,” என்றான்.

இஸ்திரி போடும் அண்ணன் சிரிப்பை அடக்க ஆவிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கடைசியில் சொற்கடல் தொண்டையைக் கனைத்தார். “யார் எனக்குப் புதுசா ஒரு அர்த்தம் சொல்றாங்களோ, அவங்களைப் பத்தி மன்ற மேடையில சொல்லுவேன். ‘இது மடிப்புப் பிரிவின் கொடை’ன்னு, எல்லாரும் கேக்கச் சொல்லுவேன்.”

மடிப்பக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவளும் நெட்டையும் எதிரெதிரே நடந்து வந்தார்கள். முனைகள் சேர்ந்தபோது அவள் ஏதோ முணுமுணுத்தாள். விலகினார்கள். அடுத்த சேர்க்கையில் அவன் ஏதோ சொன்னான். மூன்றாவதில் இரண்டு பேர் தோளும் குலுங்கியது. விரிப்பு மடிந்து முடிந்தபோது மடிப்பக்காவின் முகம் கல்லாக இருந்தது.

“ஒண்ணு இருக்குங்க ஐயா. ‘சீன் காயுது’ன்னு சொல்லுவோம்.”

“காயுதா? அப்படின்னா?”

“அதோ டிரையரைப் பாருங்க. துணி காஞ்சுபோச்சு. ஆனா யாரும் நிறுத்தலேன்னா அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்குமில்ல? அந்த மாதிரி, எல்லாம் முடிஞ்ச பிறகும் ஒரு ஆளு விடாம நின்னு அலட்டிக்கிட்டு இருந்தா, அவனுக்கு சீன் காயுதும்போம்.”

“ஆகா! எவ்வளவு காலமா சொல்றீங்க?”

“அது கிடக்குது தலைமுறை தலைமுறையா,” என்றார் இஸ்திரி அண்ணன் ஆவிக்குள்ளிருந்து. லாண்டரி திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

மச்சான் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சொற்கடல் ரசீதைத் திருப்பி எழுதி, வழக்கம்போல் அடியில் கையெழுத்துப் போட்டார்.

அறிஞர் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்ததும் கூடத்துக்குக் கூச்சம் விட்டுப்போனது. “எங்க சூப்பர்வைசர் சரியான சீன் பார்ட்டி,” என்றது ஒரு குரல். “இவனுக்கும் மேல ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கும் ஒரு சீன் ஓடுது,” என்றது இன்னொன்று; நெட்டை ஈரத் துணியை விட்டெறிந்தான். “மேனேஜர் வர்றாரு, சீனை மாத்து!” என்றார் இஸ்திரி அண்ணன். மேனேஜர் நிஜமாகவே வந்துகொண்டிருந்தார்.

சொற்கடல் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விரலை மடக்கி எண்ணினார். ஆறும் நாலும் பத்து. டாக்டரைவிட ஒன்று கூட.

கூட்டம் நடந்த அன்று பிற்பகலில், கண்ணாடிக் கடையின் மாடிப்படியில் மச்சான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மனைவி முன்னால் ஏறிப் போய்விட்டிருந்தாள். அவளும் மன்ற உறுப்பினர்தான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்த ‘சீன் காயுது’ இருக்கே, அதை மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன்?”

“அப்படி ஒண்ணு கிடையாது மாமா. அந்த அக்காவும் நெட்டையும் விரிப்பு மடிக்கிற நேரத்துல அவுத்துவிட்டது.”

சொற்கடல் ஒரு படி கீழே இறங்கி, மறுபடி அந்தப் படியிலேயே ஏறினார். மாடியிலிருந்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதை விட்டுவிட்டால் கையில் இருப்பது ஒன்பது. ஒன்பது டாக்டரிடமும் இருக்கிறது.

“ஒரு சொல்லை ரெண்டு பேர் சேர்ந்து சொன்னா அதுக்குப் பேரு வழக்கு, மச்சான்.”

“ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க மாமா.”

“அது மகிழ்ச்சியான வழக்கு,” என்று சொல்லிவிட்டு சொற்கடல் விறுவிறுவென்று மேலே போனார்.

டாக்டர் முதலில் பேசினார். ஊசி போடுவதற்கு முன் பேசும் அதே மெல்லிய குரல். ஒன்பது அர்த்தங்களையும் வலியில்லாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். கைதட்டல் கௌரவமாக இருந்தது.

பிறகு சொற்கடல் எழுந்தார். முதல் ஒன்பதும் டாக்டர் சொன்ன ஒன்பதைப் போலவேதான் இருந்தன. இவர் விசிலோடு சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். பத்தாவதுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். ஆவி பறக்கும் கூடத்தை வர்ணித்தார். காய்ந்த பிறகும் நிற்காத டிரையரைக் கையால் சுற்றிக் காட்டினார். “இதுவரை எந்த அறிஞரின் காதுக்கும் எட்டாத இந்த வழக்கு, உழைக்கும் மக்களின் வாய்வழியாக எனக்குக் கிட்டியது. இது மடிப்புப் பிரிவின் கொடை. சீன் காயுது!”

மன்றத்தில் யாருக்கும் அது தெரியாது. எல்லோரும் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நற்சொல் மன்றத்தில் ஒரு சொல் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. டாக்டர் மெதுவாக எழுந்தார்.

“நண்பர் நல்லா சொன்னார். ஆனா எந்தக் காதுக்கும் எட்டாததுன்னு சொன்னாரே, அதுதான் இடிக்குது. என் கிளினிக்ல இருபது வருஷமா இதைக் கேக்கறேன். பல்லைப் பிடுங்குன பிறகும் சில பேரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. ‘சீன் காயுது சார்’னு நர்ஸே சொல்லும். ரொம்பச் சாதாரணமா இருக்கேன்னுதான் நான் பட்டியல்ல சேர்க்கல.”

“ஆமா, எங்கப்பா சொல்லுவாரு,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“எங்க ஆபீஸ்ல தினமும் உண்டு,” என்றது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், “அழுத்தம் ‘சீன்’ல வரக் கூடாது, ‘காயுது’ல வரணும்,” என்று சொற்கடலின் உச்சரிப்பைத் திருத்தினார். தலைவர் நாற்காலியை இடப்பக்கம் திருப்பி, தம் இளமைப் பருவத்தில் இது வெகுவாகப் புழங்கியதாக நினைவுகூர்ந்தார்.

அந்தச் சொல் பிறந்தது போன செவ்வாய்க்கிழமை, ஒரு டபுள் பெட் விரிப்பின் மூன்றாவது மடிப்பில். இது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடைசி வரிசையில் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டிருந்த மச்சான். மற்றவர் மேடையில் வாயைத் திறந்தபடி நின்ற சொற்கடல். இவர்களெல்லாம் புளுகுகிறார்கள் என்று கத்த வேண்டும்போல் அவருக்கு இருந்தது. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

வேறு வழியில்லாமல் பேச்சை நீட்டினார். பத்து என்ற எண்ணின் பெருமையைச் சொன்னார். தம் பட்டத்தின் வரலாற்றைச் சொன்னார். பாராட்டுப் பத்திரத்திலிருந்து அடக்கம் பற்றிய வரியை மனப்பாடமாக ஒப்பித்தார். மின்விசிறி சுற்றியது, அவரும் சுற்றினார்.

“சீன் காயுது சார்,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர், கொட்டாவிக்கு நடுவில். “ஓட்டைப் போட்டுடலாமே.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. அழுத்தம்கூடச் சரியான இடத்தில் விழுந்ததாக டீச்சரம்மா தலையாட்டினார்.

சீட்டுகள் வழங்கப்பட்டன. எழுதி, மடித்து, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். தலைவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். டாக்டர் ஒன்று, சொற்கடல் ஒன்று என்று ஏட்டிக்குப் போட்டியாகப் போனது. ஒரு சீட்டைப் பிரித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அதைத் தனியே வைத்தார்.

“டாக்டருக்குப் பதினொண்ணு. சொற்கடலுக்குப் பத்து. செல்லாதது ஒண்ணு.”

சொற்கடல் துள்ளி எழுந்தார். “அந்த ஒண்ணு எனக்கு விழுந்ததா?”

“பேரு உங்க பேருதான் சார்.”

“அப்ப சமம்! சமம்னா மூத்தவன் நான்!”

“ரகசிய ஓட்டுல இருக்கக் கூடாதது அதுல இருக்கு. நீங்க எழுதின விதிதான் சார். விட்டுடுங்க, வேண்டாம்.”

“எப்படி விடறது? ஒரு துண்டுச் சீட்டுல பேரை மட்டும் எழுதத் துப்பில்லாத ஒரு ஆளு இந்த மன்றத்துல இருக்கான்! எழுத்தறிவே இல்லாத அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்! அவனையெல்லாம் யாரு உறுப்பினரா சேர்த்தது?”

தலைவர் அவரை ரொம்ப நேரம் கனிவோடு பார்த்தார். பிறகு அந்தச் சீட்டை நாலாக மடித்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பத்து வருடத்தில் அவர் தலைவராகச் செய்த பெரிய காரியம் அதுதான்.

உறுப்பினர்கள் செருப்பைத் தேடினார்கள். டாக்டர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், கிறீச் என்றது. அவருக்குப் பிடித்துப்போய் இன்னொரு முறை திரும்பினார். கண்ணாடிக் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். சொற்கடல் மட்டும் நடுவில் நின்று, அந்த எழுத்தறிவில்லாத ஆளை மன்றத்தை விட்டு நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்துகொண்டிருந்தார். வழிமொழிய ஆளில்லை.

“வாங்க, வீட்டுக்குப் போலாம்,” என்றாள் மனைவி. “சீன் காயுது.”

சொற்கடல் திடுக்கிட்டுத் திரும்பினார். “இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“இதைக்கூட சொல்லிக் குடுக்கணுமா? சின்ன வயசுலேருந்து நாங்க சொல்றதுதானே. டேய் தம்பி, சொல்லுடா.”

மச்சான் அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“ஆமாக்கா,” என்றார்.

படியில் இறங்கும்போது தலைவர் மச்சானை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்த சீட்டைக் கையில் வைத்து அழுத்தினார். தெருவிளக்குக்கு அடியில் நின்று மச்சான் அதைப் பிரித்துப் பார்த்தார்.

சீட்டில் சொற்கடலின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இரண்டு புள்ளிகளும் இருந்தன.